சீர்வரிசையில் வந்த மீன்கள்

புதுத் தொட்டியில் எத்தனை மீன் விடலாம் என்று கேட்கிறீர்கள். பதில் சொன்னால் சிரிக்கிறீர்கள். "இம்மாம் பெரிய தொட்டிக்கு மூணே மூணா சார்?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். அந்தத் தம்பி இங்கேதான் இருக்கிறான். உன்னைத்தான் சொல்கிறேன், பக்கத்து ஆள் பின்னால் ஒளியாதே.

உங்களுக்கு என்ன குறைச்சல்? ஒரு சொட்டு மருந்து விட்டால் தண்ணீரின் குணம் நிறத்தில் தெரிந்துவிடுகிறது. கடல் உப்பு பையில் வருகிறது. ஆளுக்கு இரண்டு மோட்டார், மூன்று வடிகட்டி. அப்படியும் நீங்கள் வைத்த தொட்டிகளில் பாதி முதல் மாதமே நாறிப்போகிறது. அப்புறம் என்னிடம் வந்து மருந்து கேட்கிறீர்கள். கூட்டத்துக்கு ஏதப்பா மருந்து? மீன் தின்னும், கழியும். அந்தக் கழிவைத் தின்று தீர்க்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் புதுத் தொட்டியில் இன்னும் குடியேறியிருக்காது. அவை மெதுவாகத்தான் பெருகும். அதற்குள் இருபது மீனைக் கொண்டுபோய்க் கொட்டினால் அவை தங்கள் அழுக்கிலேயே மூச்சு முட்டிச் சாகும். விஷயம் இவ்வளவுதான்.

இந்தச் சின்ன விஷயத்தை, தொட்டி வைக்கச் சொன்ன வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. நம் தொழிலைப் பிடித்த வியாதி அதுதான். மீன் செத்தால் போகட்டும், வேறு மீன் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள். மீனோடு நின்றுபோனால் நானும் இப்படி உங்களை உட்காரவைத்துப் பேச மாட்டேன். கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தாள், அவளுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் ராயபுரத்தில் ஒரு தொட்டிக் கொட்டகையில் வேலை பார்த்தேன். கொட்டகை முதலாளியை எல்லாரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்து வெள்ளைக்கார அதிகாரிகள் பங்களாவில் கடல் மீன் வளர்த்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்துத் தொழில் கற்றவர். அவர்கள் ஊர் போன பிறகு, அதே தொட்டிகள் நம் வியாபாரிகளின் வீட்டுக் கூடத்துக்கு வரத் தொடங்கின. மூன்று பக்கம் சிமெண்ட், முன்னால் கனத்த கண்ணாடி, காற்று ஊத ஒரு சின்ன மோட்டார். அவ்வளவுதான் அன்றைக்கு வசதி.

மேஸ்திரிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதுத் தொட்டியில் மூன்று மீன்தான் விடுவார். அவை ஒரு மாதம் போலத் தின்று திரிந்து நன்றாக இருந்தால் இன்னொன்று. "தண்ணி புச்சுடா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் சொமக்கும்" என்பார். யார் என்ன ஆசை காட்டினாலும் மசிய மாட்டார். நல்ல தொழில்காரர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. தெரியாதவன் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். எல்லாம் தெரிந்தவர் செய்தார், அதனால்தான் வயிறு எரிகிறது.

எங்களுக்குக் கடல் தண்ணீர் கொடுத்தவள் கன்னியம்மா. காசிமேட்டுக் கரையில் குடிசை. புருஷன் கடலோடு போய்விட்டான். படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரும் இவளும்தான் வீட்டில். அவள் தம்பிகள் படகில் அலை தாண்டிப் போய், தண்ணீர் தெளிந்து கிடக்கும் இடத்தில் பீப்பாயில் மொண்டு வருவார்கள். துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் மிதக்கும் என்று அங்கே கைகூட நனைக்க விட மாட்டாள்.

தண்ணீர் விற்பது எப்போதோ ஒரு தடவை. அவளுக்குச் சோறு போட்டது மீன் கூடை. தெற்கத்திச் சீமையிலிருந்து வந்து மண்டி வைத்திருந்தவர்கள் குடியிருந்த ஒரு தெரு, அவள் குடிசைக்குக் கிட்டத்தில் இருந்தது. வீட்டுக்கு வீடு அவளிடம்தான் மீன் வாங்குவார்கள். அந்த ஒரு தெருவிலேயே கூடை காலியாகிவிடும். வெயில் ஏறுவதற்குள் குடிசைக்குத் திரும்பி மாமியாரைப் புரட்டிப்போட்டு, துடைத்து, கஞ்சி ஊட்டுவாள். "இந்தத் தெரு இல்லாங்காட்டி எங்க கெழவி கத கந்தல்தான் நைனா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். வேறு யாரும் அந்தக் கிழவியைப் பார்த்துக்கொள்ள இல்லை.

அந்தத் தெருவில்தான் பருப்பு மண்டி அண்ணாச்சி புது வீடு கட்டினார். கூடத்தில் கடல் தொட்டி வேண்டும் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டார். கட்டினோம். கன்னியம்மாவின் தண்ணீரை நிரப்பினோம். மூன்று மீன் விட்டோம், மஞ்சளும் கறுப்புமாக வரி போட்டவை. ஜோராகத் திரிந்தன. பால் காய்ச்சும் நாள் நெருங்க நெருங்க அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது.

"என்ன மேஸ்திரி, குளம் மாதிரித் தொட்டியக் கட்டிப்போட்டு மூணு மீன விட்டிருக்கீரு. வர்றவன் என்ன நினைப்பான்? மண்டியில சரக்கு இல்லேன்னுல்லா நினைப்பான்!"

அவர்கள் வழக்கம் அப்படி. பால் காய்ச்சுகிற அன்றைக்கு வீட்டில் எந்தப் பாத்திரமும் அரைகுறையாக நிற்கக் கூடாது. அரிசிப் பானை, உப்பு ஜாடி, தண்ணீர்க் குடம், எல்லாம் விளிம்பு தொட்டு நிற்கும். அவர் கண்ணுக்குத் தொட்டியும் ஒரு பாத்திரம்தான். மேஸ்திரி அசையவில்லை. "பொறுத்துக்கோங்க அண்ணாச்சி, இப்ப வுட்டா அல்லாம் பூடும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது.

நாங்கள் விடாவிட்டால் என்ன? ஊரே சேர்ந்து விட்டது. அண்ணாச்சி வீட்டில் கடல் தொட்டி இருக்கிறது என்ற செய்தி உறவுக்காரர்களுக்கெல்லாம் போயிருந்தது. ஆளுக்கு ஒரு குவளை, ஒரு சட்டி என்று மீனோடு வந்தார்கள். ஒருவர் நட்சத்திர மீன் கொண்டுவந்தார். மீசை ஆட்டுகிற சிங்கி இறாலைத் தாம்பாளத்தில் வைத்து, குங்குமப் பொட்டும் வைத்து ஒரு புண்ணியவான் தூக்கி வந்தார். எல்லாவற்றுக்கும் மேல் சம்பந்தி வீட்டு வரிசை. அண்ணாச்சியின் மகளைத் திருவொற்றியூரில் நிச்சயம் செய்திருந்தார்கள். அந்த வீட்டிலிருந்து மேளதாளத்தோடு பழத்தட்டு, சர்க்கரைத் தட்டு, பட்டு எல்லாம் வந்தது. கடைசியில் தலைச்சுமையாக மண்பானைகள். பானைக்குள் வண்ணத்துப்பூச்சி மீனும், ஓரா மீனும், ஊதிப் பெருத்த பேத்தையும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. அன்றைக்கு அந்த வீட்டில் மீன் சமைக்கக் கூடாது, சைவம். அதனாலேயே கூடத்தில் மீன் வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

மேஸ்திரி வேறு வேலையாகப் போயிருந்தார், தொட்டியைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்தியிருந்தார். நான் குறுக்கே நின்றுகொண்டு அண்ணாச்சியிடம் கெஞ்சினேன்.

"அண்ணாச்சி, சம்பந்தி வீட்டு மீனு அப்பிடியே பானையில முத்தத்து நெழல்ல இருக்கட்டும். நான் காத்து ஊதிக்கினு பக்கத்துலயே குந்திக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமா பாத்துக்கலாம்."

அண்ணாச்சி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அதற்குள் சம்பந்தி வீட்டுப் பெரியவர் காதில் விழுந்துவிட்டது. "எங்க வரிசை முத்தத்துல கெடக்கணுமாக்கும்?" என்று கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டார். அண்ணாச்சி என்னைத் தோளைப் பிடித்து நகர்த்தினார். அவர் கையாலேயே பானையைச் சாய்த்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு வந்த குவளைகளையும் சட்டிகளையும் தடுக்க நான் யார்? சின்னப் பிள்ளைகள் பொரியையும் லட்டையும் உதிர்த்துப் போட்டன. போடாதே என்றால் பெரியவர்கள் என்னை முறைத்தார்கள்.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் வாளியோடு போய் நின்றேன். பாதியையாவது எடுத்து, திரும்பப் பானைகளில் விட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மீன்கள் அப்போதே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அண்ணாச்சியின் சம்சாரம் பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஐயையோ தம்பி, பால் காய்ச்சின அன்னைக்கு வீட்டுலருந்து ஒரு துரும்பு வெளிய போகப்பிடாது. நாளைக்கு வந்து என்னத்தையும் எடுத்துக்கோ."

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தொட்டியில் கொஞ்சம் தண்ணீர் மாற்றுகிறேன் என்றேன். பழைய தண்ணீர் வெளியே போகுமே, அதுவும் கூடாது என்றார். மோட்டார் ஊதுவதைக் கூட்டிவைத்துவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்று இன்றைக்கு வரை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு போனேன். தொட்டி கஞ்சித் தண்ணீராகியிருந்தது. வயிறு மேலாக மிதந்தன எல்லாம். நாங்கள் விட்ட மூன்றும் சேர்ந்துதான். நாற்றம் வாசல் வரை வந்தது. அன்றைக்குத்தான் புது வீட்டில் முதல் கறி விருந்து. சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பால் காய்ச்சின மறுநாளே வீட்டுக்குள் இத்தனை உயிர் செத்துக் கிடக்கிறது, கல்யாணமோ தையில்.

"என்ன மேஸ்திரி இது?" என்றார் அண்ணாச்சி.

மேஸ்திரி தொட்டியைப் பார்த்தார். முற்றத்தில் கவிழ்த்து வைத்திருந்த சம்பந்தி வீட்டுப் பானைகளைப் பார்த்தார். பார்த்த அந்தக் கணத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, எனக்குத் தெரியும். சரியாக அந்த நேரத்தில்தான், விருந்துக்குச் சொல்லிவைத்திருந்த வஞ்சிரத்தோடு கன்னியம்மா வாசலில் கூடையை இறக்கினாள். அவள் வந்த நேரம்!

"தண்ணிதான் அண்ணாச்சி" என்றார் மேஸ்திரி. "தண்ணி சரியில்ல. பீப்பாயில எண்ணெ கிண்ணெ இருந்திருக்கும்."

எல்லார் தலையும் வாசலுக்குத் திரும்பியது. கன்னியம்மா உள்ளே வந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மேஸ்திரி பேசுற? அதே தண்ணியிலதான இத்தினி நாளா அந்த மூணு மீனு துள்ளிக்கினு கெடந்துச்சு? நேத்து வரைக்கும் நல்ல தண்ணி, இன்னிக்கு சாக்கட தண்ணியா பூடுச்சா?"

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, தண்ணி நல்ல தண்ணி. மீனுதான் ஜாஸ்தி. நேத்தே சொன்னேனே" என்று கத்திவிட்டேன். மேஸ்திரி என் கையை இறுக்கிப் பிடித்து "வாய மூட்றா" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். பிறகு கன்னியம்மாவிடம், "கடல்ல மொண்டியா, கால்வாயில மொண்டியா, யாருக்குத் தெரியும்? இந்த லட்சணத்துல உன் மீன எவன் திம்பான்? எடுத்துட்டுப் போ" என்றார்.

அவள் அழவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். காலை நேரம், தெருப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்றிருந்தார்கள். விருந்து வீட்டிலிருந்து கூடை நிறைந்தபடி திரும்பிப் போவதைப் பார்த்தார்கள். சாக்கடைத் தண்ணீர் ஊற்றியவள் கொண்டுவருகிற மீனும் அப்படித்தான் இருக்கும் என்று பேச்சுப் பரவ எத்தனை நேரம் ஆகும்? அந்த வாரமே ஒரு வீட்டிலும் அவளைக் கூப்பிடவில்லை.

கொட்டகைக்குத் திரும்பும் வழியிலேயே மேஸ்திரியைக் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

"வேற இன்னாடா சொல்லச் சொல்ற? சம்பந்தி மீனுதான் கொன்னுச்சுன்னு சொல்லி, கண்ணாலம் நின்னு பூட்டா? தொட்டி சரியில்லன்னு சொன்னா நம்ம கொட்டாய்க்கு எவன் வருவான்? அவளுக்கு இன்னா, வேற தெருவே இல்லியா?"

அந்தக் கூடத்தில் தனக்காகப் பேச ஆளில்லாத ஒருத்தி அவள். அதைப் பார்த்துத்தான் கை காட்டினார். மீனைப் பற்றி அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றும் உண்மை, இன்றைக்கும் அதை வைத்துத்தான் பேசுகிறேன். அந்த ஆளை மட்டும் அதற்குப் பிறகு மரியாதையாகப் பார்க்க எனக்கு வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் கோபத்தில் செய்தார்கள் என்று விட்டிருப்பேன். தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதன் பிறகு அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டனுப்பினார். கழுவிக் காயவைத்த தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி. எனக்கு அப்பவே தெரியும். இந்த வாட்டி மூணு போதும். யாரு கொண்டுவந்தாலும் சேர்க்க வேண்டாம்."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அட, மனுஷன் உணர்ந்துவிட்டாரே! "அப்ப தெருவுல ஒரு வார்த்த சொல்லிருங்க அண்ணாச்சி, கன்னிம்மா மேல தப்பு இல்லேன்னு" என்றேன்.

"அது முடிஞ்சு போன கதைல்லா? இப்பப் போய்ச் சொன்னா, பின்ன மீன் எதுனால செத்துச்சுன்னு கேப்பான். பொண்ணு அந்த வீட்டுல வாழுது." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தண்ணிய மட்டும் அவகிட்டயே எடு. அவ தண்ணி நல்ல தண்ணி. விடியுமுன்ன கொல்லப்பக்கமா கொண்டாரச் சொல்லு. தெருவுல ஒருத்தரும் பாத்துரப்பிடாது."

தூ என்று வந்தது எனக்கு. ஆனாலும் அவள் பிழைப்பு, முடிவு அவளுடையது என்று காசிமேட்டுக்குப் போய்ச் சொன்னேன். கன்னியம்மா கருவாட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஊத்துறேன் நைனா, ஊத்தாம இன்னா. வாசல் வழியா வந்து, தெருவே பாக்க ஊத்துறேன். அண்ணாச்சி பக்கத்துல நின்னு, 'இது கன்னிம்மா தண்ணி'ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். துட்டு கூட வோணாம்."

அதை அப்படியே அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "மீன்காரிக்கு வந்த ரோஷத்தப் பாரு" என்று சிரித்தார். தண்ணீரை வேறு யாரிடமோ வாங்கினார்கள். நான் அந்தத் தொட்டியைத் தொட மாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்லி, கொட்டகையை விட்டே வந்துவிட்டேன். வேறு ஆள் போய் மீன் விட்டான், மூன்றே மூன்று. ஒன்றும் சாகவில்லை. ராயபுரத்திலேயே அந்தத் தொட்டியைப் போல் இல்லை என்று பெயர்.

ஆகவே, பிள்ளைகளே, கூடுதலாக ஒரு மீன் விடச் சொல்லி வீட்டுக்காரர் கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறாரா, போகட்டும். மீன் செத்தால் அவர் தன்மேல் பழி போட்டுக்கொள்ள மாட்டார். நீங்களும் உங்கள் மேல் போட்டுக்கொள்ள மாட்டீர்கள், எனக்குத் தெரியாதா உங்களை? தண்ணீர் சுமந்தவன், மீன் பிடித்தவன், கூடம் பெருக்குகிறவள் என்று யாராவது ஒருவரை இரண்டு பேருமாகத் தேடிப் பிடிப்பீர்கள்.

கன்னியம்மாவை அதன் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன், காசிமேட்டிலிருந்து ஒரு மணி நேரம் நடக்கிற தூரத்தில் இருக்கும் வியாசர்பாடியில். கூடையை இறக்கிவைத்து ஒரு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. அங்கே எல்லாரும் கூலிக்குப் போகிறவர்கள், சம்பள நாளை விட்டால் மத்தி மட்டும்தான் போகும் என்றாள். மாமியார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"பூட்சு நைனா. கெழவி தண்ணி தண்ணின்னு கத்திக்கினே இருந்துச்சாம், அக்கம்பக்கம் சொல்லுச்சு. நான் இங்கேருந்து நடந்து வூடு போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சி பூட்சு."

அவளே கேட்டாள்.

"அண்ணாச்சி வூட்டு மீனு நல்லாக்கீதா?"

"நல்லா இருக்குன்றாங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும். அதுங்க இன்னா பண்ணும் பாவம்."

எழுந்து, கூடையைத் தலையில் ஏற்றிவிடச் சொன்னாள். ஏற்றிவிட்டேன். பொழுது உச்சி தாண்டியிருந்தது, கூடையில் பாதிக்கு மேல் மீன் அப்படியே இருந்தது.